மூன்றாவது சுற்று

மேற்குச் சுவரில் இரண்டாவது சுற்றுக் கான்கிரீட் விழுந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணன் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தனுஷ்கோடிக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். கையில் பெட்ரோல் வைப்ரேட்டர் இரைந்துகொண்டிருந்தது, மேலே கலவை மெஷின் ஜல்லியை உருட்டிக்கொண்டிருந்தது, சட்டி தூக்குகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டிருந்தார்கள், அத்தனை இரைச்சலில் யார் காதில்தான் எது விழும். ஆனால் விழுந்தது என்னவோ விழுந்தது. முதலில் ஒரு குரல். மதினி குரல். மதினி செங்கமலம் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரைக்கும் போகும், அது ஒரேயடியாக மேலே ஏறி, ஏறின இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு பொலபொலவென்று சரிந்தது. அதன்பின் இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. தனுஷ்கோடி வைப்ரேட்டர் ஊசியைச் சுவருக்குள்ளிருந்து உருவி ஒன்றரை அடி தள்ளி மறுபடி இறக்கினார். ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஜல்லி அடியில் தங்கிச் சிமெண்டுப் பால் மேலே வந்துவிடும். பத்து எண்ணிவிட்டு உருவ வேண்டும். எண்ணினார். ஏழு, எட்டு. ஒன்பதில் அண்ணன் போய்விட்டார் என்று தோன்றியது. பத்து. உருவினார்.

இதை நடுவில் நிறுத்த முடியாது, அதுதான் சங்கதி. வீட்டுச் சுவரென்றால் இன்றைக்கு மூன்றடி, நாளைக்கு மூன்றடி என்று ஆற அமரக் கட்டலாம். இது நீச்சல்குளத்துச் சுவர், தண்ணீரைத் தாங்க வேண்டிய சுவர். இருபத்துநாலடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஐந்தடி உயரம், நாலு பக்கமும் ஒரே நாளில் ஒரே மூச்சில் விழுந்தாக வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரடி உயரத்துக்குக் கொட்டிக்கொண்டே சுற்றி வந்து, ஆரம்பித்த மூலைக்கே திரும்பி, அதன்மேல் அடுத்த அடி. மொத்தம் ஐந்து சுற்று. கீழே விழுந்தது இறுகுவதற்குள் மேலே அடுத்தது விழுந்துவிட வேண்டும். இந்தச் சித்திரை வெயிலில் அதற்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால். தாமதித்தால் ஒட்டாது. பார்வைக்கு ஒட்டின மாதிரிதான் இருக்கும், பூசி டைல்ஸும் ஒட்டிவிட்டால் கடவுளுக்கே தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும், அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து வெளியே போய்விடும். கொத்தனார் சொள்ளமுத்துவிடம் இதை ஒரு மாதமாக ஓதியிருக்கிறார். சொள்ளமுத்து இருநூறு வீடு கட்டினவன், குளம் கட்டினதில்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்து மிச்சத்தைப் போட்டுக்கலாமே அண்ணாச்சி என்றவன். அவனுக்கு மட்டுமா, கம்பி கட்டுகிறவனுக்கு, பலகை அடைக்கிறவனுக்கு, எல்லாருக்கும் தனுஷ்கோடிதான் பாடம் எடுத்தார். கான்ட்ராக்டர் என்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. முப்பத்துநாலு வருஷம் நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன், நாலு பேர் சொல்லி நாம் கேட்கிறதா என்கிற திமிர். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், அதனால் அதை ஆறேழு அடிக்குத் தோண்டி வெளியே அனுப்பி கிராவல் கொட்டி இறுக்கியது, தரைக் கான்கிரீட்டை ஒன்பது நாள் நனைத்தது, கம்பிக்குக் கம்பி ஆறு இஞ்ச் என்று டேப் பிடித்துப் பார்த்து இரண்டு வரிசையை அவிழ்த்துக் கட்ட வைத்தது, எல்லாம் அவர்தான். பத்து மாதம். இன்றைக்கு மூன்று மணிக்குள் ஐந்து சுற்றும் முடிந்தால் குளம் முடிந்த மாதிரி. இன்றைக்கு. இன்றைக்குத்தானா.

அண்ணன் திருவேங்கடத்துக்கு அறுபத்தாறு. மதுரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. மனைவி பூங்கோதை அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆள் பாதியாயிட்டாக, நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க என்று சொன்னாள். போவோம் போவோம் என்றார். கான்கிரீட் முடியட்டும். முடிந்ததும் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவோம். சனி, ஞாயிறு, திங்கள், ஒவ்வொரு நாளும் அதே நினைப்பு, கான்கிரீட் முடியட்டும். கலவை மெஷின் புதன்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதுவரை அவர் இருப்பார் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தனுஷ்கோடியாகவே வைத்துக்கொண்டதுதான். அண்ணன் எதிலும் நிதானம், தபால் ஆபீஸ் ஆள், ஒரு கவரை நாலு தரம் திருப்பிப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார், சாகிறதிலும் நிதானமாகத்தான் இருப்பார் என்று ஏதோ ஒரு கணக்கு. என்ன மனுஷன் இவர் என்று கேட்கத் தோன்றும். அவருக்கே அப்போது அப்படிக் கேட்கத் தோன்றியது, கேட்டுப் பார்த்தார். கை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

சொள்ளமுத்து சாரத்திலிருந்து குனிந்து, “அண்ணாச்சி, அழுகைச் சத்தம் கேக்கு” என்றான். தனுஷ்கோடி ஊசியைப் பார்த்தபடியே, யாரும் சொல்லி வரலையே என்றார். சொள்ளமுத்துவுக்கு அது புரிந்தது. இந்தப் பக்கத்து ஆள்தானே. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டில் சாவு, துட்டி என்று விழுந்தால் ஆள் வந்து முறையாகச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் எழுந்து போவது, சொல்லாத வீட்டுக்குப் போய் நின்றால் மரியாதை இல்லை. அதெல்லாம் சரிதான். ஆனால் தெருவில் யார் வீட்டுப் பிணமானாலும் எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் மிக்சிகூட ஓடாது, கட்டட வேலை தானாக நின்றுவிடும், அதற்குப் பங்காளியும் வேண்டாம் பகையாளியும் வேண்டாம். அதுவும் சொள்ளமுத்துவுக்குத் தெரியும். அவன் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். கலந்தது மெஷினுக்குள் கிடந்து சுற்றுகிறது, அதைக் கொட்டித்தான் ஆக வேண்டும். கொட்டு என்றார் தனுஷ்கோடி. கொட்டினார்கள். அது முடிந்ததும் அடுத்ததைக் கலக்கவா என்று மெஷின்காரன் மேலேயிருந்து கையால் கேட்டான். கல என்று கையால் சொன்னார். மணி பதினொன்று பத்து.

இவருக்கு எதற்குக் குளம் என்று ஊரே கேட்டது. எட்டு நாளைக்கு ஒருதரம் குடிதண்ணீர் வருகிற ஊரில் ஒரு மனுஷன் நீந்துவதற்குக் குழி வெட்டினால் கேட்கத்தான் செய்யும். போர் தண்ணீர் உப்புத்தான், குடிக்க ஆகாது, நீந்த ஆகும், ஒருதரம் நிரப்பினால் வடிகட்டி வடிகட்டி வருஷக்கணக்கில் ஓட்டலாம் என்று விளக்கிப் பார்த்தார். சிரித்தார்கள். உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மில் முதலாளி பங்களாவில் ஒரு குளம் இருந்தது. அதன் பம்ப்பையும் வடிகட்டியையும் இருபது வருஷம் கழற்றி மாட்டினவர் தனுஷ்கோடி. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, பின்பக்கத்து மோட்டார் அறைக்குப் போவார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்கும், தளக் தளக் என்று. ஒருதரம், யாருமில்லாத நேரம், ஓரத்தில் குனிந்து கையை மணிக்கட்டு வரைக்கும் வைத்துப் பார்த்தார். மோட்டாரைப் பிடித்துச் சூடேறின கை. அதற்குள் தோட்டக்காரன் வந்துவிட்டான், கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்காக ஒருவன் பத்து மாதம் குழிக்குள் கிடப்பானா என்றால் கிடப்பான். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அந்தச் சத்தம்கூட ஞாபகம் வரவில்லை. தளக் தளக் என்கிற வார்த்தைதான் வருகிறது. காதுக்குள் வைப்ரேட்டர். அதற்குள் மதினி. மதினி இப்போது அழுவதை நிறுத்திவிட்டு யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெட்டியில் இருக்கிற புது வேட்டியை எடுக்கச் சொல்கிறாளோ. அண்ணன் உயரம், எட்டு முழம் போதாது.

பேச்சு நின்றது மண் அள்ளுகிற மெஷின் வந்த அன்றைக்கு. மேற்கு மதிலை ஒட்டி இரண்டடி விட்டுத்தான் தோண்ட வேண்டியிருந்தது. தோண்டின அதிர்ச்சியில் அண்ணன் வீட்டுக் குளியலறைச் சுவரில் மயிரிழைக்கு ஒரு வெடிப்பு. மயிரிழைதான், தனுஷ்கோடியே போய்ப் பார்த்தார், தலைமயிர் போகாது அதற்குள். அண்ணன் குழி ஓரத்தில் வந்து நின்றார். கோபமாக ஒன்றும் பேசவில்லை, அவர் எப்போது கோபமாகப் பேசினார். இன்னும் மூணடி தள்ளிக்கோயேன் கோடி, உனக்கு இடத்துக்கா பஞ்சம் என்றார். தனுஷ்கோடி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என் இடத்துல எங்க தோண்டணும்னு உங்ககிட்ட மனு எழுதிப் போடணுமாண்ணே என்று கேட்டார். ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மெஷின் ஓட்டுகிறவன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை, போய்விட்டார். ஆறு மாதம் கழித்து அண்ணன் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. பத்திரிகை தபாலில் வந்தது. ஒரே மதில், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும், அதற்கு ஸ்டாம்ப் ஒட்டி, பின்கோடு எழுதி, பெரிய தபால் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்த பத்திரிகை. அண்ணன் கையெழுத்து. தனுஷ்கோடி அதை மேஜைமேல் வைத்துவிட்டு, நேரில் வந்து அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்று பூங்கோதையிடம் கேட்டார். அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள். மூணடி. இப்போது யோசித்தால் மூணடி தள்ளியிருந்தாலும் குளம் குளமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கிழக்கே வேப்பமரத்து வேர். வேர் வெட்டியிருக்கலாம். வெட்டியிருக்கலாம்தான். தெற்குச் சுவர் முடிந்தது, கிழக்குச் சுவருக்குச் சட்டிகள் திரும்பின. அவரும் திரும்பினார்.

பூங்கோதை பின்வாசலில் வந்து நின்றாள். முதல் சத்தத்துக்கே அவள் முன்வாசல் வழியாக ஓடியிருக்க வேண்டும், தலைமுடி கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு ஆட்கள் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஹாலில் கிடந்த ஆறும் போயிற்று. வீட்டு நாற்காலிக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்காரனுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. அவள் தனுஷ்கோடியைப் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று அவர் வைப்ரேட்டரை அணைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொள்ளமுத்துவிடம், அந்தப் படுதாவைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, அங்க வாசல்ல வெயில் தாங்கல என்றாள். புதுப் படுதா, நீலம். கோடை மழை அடித்தால் பச்சைக் கான்கிரீட்டை மூடுவதற்கென்று தனுஷ்கோடி தயாராக மடித்து வைத்திருந்தது. சொள்ளமுத்து அவரைப் பார்த்தான். “அது மழைக்கு வச்சிருக்கு” என்றார் தனுஷ்கோடி. சொல்லி முடித்த பிறகு அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மழை வராது என்று மட்டும் சொன்னாள் பூங்கோதை. குனிந்து தானே அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கனம். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். அவர் குழிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், வானத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். அவள் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருந்தாலும் அவள் சொன்னது கணக்கில்லை, அவள் இந்த வீட்டு ஆள். அந்த வீட்டிலிருந்து வர வேண்டும்.

வரத்தான் போகிறார்கள். வராமல் முடியாது. அண்ணனுக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள் வைதேகி, ராஜபாளையத்தில் கொடுத்திருக்கிறது. மகன் இல்லாதவனுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும், ஊரைக் கூட்டிக் கேட்டாலும் அதுதான் பதில். இன்னும் கொஞ்ச நேரத்தில் பங்காளி வீட்டுப் பெரியவர் யாராவது தோளில் துண்டோடு வந்து, நடந்தது நடந்துபோச்சுப்பா, வா, வந்து உன் அண்ணனைப் பாரு என்று கையைப் பிடிப்பார். அப்போது போக வேண்டும். போனால் மதினி காலில் விழுந்து புரளுவாள், இத்தனை நாள் வரலியே கொழுந்தனாரே என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள், அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பயம் இல்லை. பிறகு தலையை மழித்து, ஈர வேட்டியோடு, கொள்ளிச் சட்டி. அம்மாவுக்கு அவர்தான் வைத்தார், கடைசி மகன் என்று. தோளில் தண்ணீர்ப் பானையோடு சுற்றி வந்தபோது, பானை ஓட்டையிலிருந்து முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கால் பின்னியது, அண்ணன் பின்னாலேயே வந்து அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பார்த்து வை காலை, பார்த்து வை என்றார். அந்தக் கையைத்தான் நினைத்துப் பார்க்கிறார். எந்தக் கை? வலது முழங்கையா, இடதா. அண்ணன் விரல் சூடாக இருந்ததா? ஒன்றும் வரவில்லை. இரண்டு கையும் வைப்ரேட்டர் பிடித்துப் பிடித்து மரத்துப்போய்விட்டன, விரலை மடக்கினால் வேறு யாரோ மடக்குகிற மாதிரி இருக்கிறது. இதே மாதிரிதான் நெஞ்சும் என்று தோன்றியது. அது மரத்துப்போய்விட்டது, வலி பிறகு வரும், பல்லுக்கு ஊசி போட்டால் சாயங்காலம்தானே வலிக்கும். சாயங்காலம் வரும். சாயங்காலம் வந்தே தீரும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். வராமல் போனால்தான் என்ன செய்வது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வருகிற பெரியவர் எத்தனை மணிக்கு வருவார்? பன்னிரண்டுக்கு வந்தால் மூன்றாவது சுற்றில் நிற்கும். இரண்டு மணிக்கு வந்தால் நாலாவது முடிந்திருக்கும், மேல்சுற்று ஒன்றுதான் பாக்கி, அந்த ஜாயிண்ட்டும் மேலே போய்விடும், அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஒழுக்கு இருக்காது. தண்ணீரை நாலடியோடு நிறுத்திக்கொள்ளலாம். நாலடி போதும். நெஞ்சு வரைக்கும் வரும். ஆக, இரண்டு மணிக்கு வந்தால் நல்லது. அண்ணன் பிணத்தைப் போட்டுக்கொண்டு அவர்கள் இரண்டு மணி வரைக்கும் யோசிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறார், பாருங்கள். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது, துடைக்கப் போய் சிமெண்டும் சேர்ந்து எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இதை யாராவது பார்த்தால் அழுகிறார் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும் என்று அவசரமாகத் துடைக்காமல் விட்டார். ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்று ஆரம்பித்து, வடக்குச் சுவர் பாதி ஆனபோது சட்டி தூக்குகிற பெண்களில் மூத்தவள் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து உதறினாள். எங்களுக்குக் கை ஓட மாட்டேங்கு அண்ணாச்சி, மதிலுக்கு அந்தாண்ட பிணத்தைப் போட்டுக்கிட்டு இங்க சட்டி எடுத்தா நாளைக்கு நம்ம வீட்டுல யாரு வந்து நிப்பா என்றாள். மற்ற மூன்று பேரும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். கூலிக்காக முரண்டு பிடிக்கிறவர்கள் இல்லை, அது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தனுஷ்கோடி மேலே ஏறி ஒரு சட்டியை எடுத்தார். மெஷின் வாயில் பிடித்தார், நிறைந்தது, தூக்கிக்கொண்டு வந்து சுவருக்குள் கவிழ்த்தார். திரும்பப் போனார். சொள்ளமுத்துவும் மெஷின்காரனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது சட்டியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சொள்ளமுத்து வந்து சட்டியை வாங்கிக்கொண்டு, “நிறுத்திருவோமே அண்ணாச்சி. உடம்பொறந்த அண்ணன்லா” என்றான். சொன்ன விதத்தில் ஏச்சு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. தனுஷ்கோடிக்கு வாயைத் திறந்தால் சரி என்று வந்துவிடும்போல இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று வந்தது. மேற்குச் சுவரில் கடைசியாகக் கான்கிரீட் விழுந்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. குழிக்குள் இறங்கிப் பலகைக்கு மேலாக விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். இன்னும் பதிகிறது. அரை விரல் பதிகிறது.

அப்போதுதான் வைதேகி வந்தாள். பெரியவர் யாரும் வரவில்லை, பின்பக்கத்துச் சந்து வழியாக அவளே வந்தாள், அவிழ்ந்த தலைமுடியை அள்ளிச் செருகியிருந்தாள். ஆறு வயதுவரை தனுஷ்கோடி தோளில் வளர்ந்த பெண். மெஷின்காரன் தானாகவே மெஷினை அணைத்தான். காலையிலிருந்து முதல்முறையாக அமைதி வந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொள்வது, நாற்காலி இழுபடுவது, யாரோ இருமுவது எல்லாம் இங்கேயே நடக்கிற மாதிரி கேட்டது. இவ்வளவு கிட்டவா என்று அவருக்குத் திக்கென்றது. வைதேகி குழி ஓரத்தில், அவர் தலைக்கு நேர்மேலே வந்து நின்றாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், சிமெண்ட் படாமல். கீழேயிருந்து முதலில் அவள் பாதம்தான் தெரிந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். வந்துவிட்டது, சொல்ல வந்துவிட்டாள், தம்பிக்குச் சொல்லத்தான் மகளையே அனுப்பியிருக்கிறார்கள் என்று தனுஷ்கோடிக்கு ஒரு நொடி உள்ளே என்னவோ இளகியது, வைப்ரேட்டரைக் கீழே சாய்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சித்தப்பா, மெஷினை நிறுத்த வேண்டாம்னு அம்மா சொல்லிட்டு வரச் சொன்னாங்க.”

அவருக்குப் புரியவில்லை. எப்ப ஆச்சு, எத்தனை மணிக்கு என்று கேட்கத் தயாராக வைத்திருந்தார், அது நாக்கிலேயே நின்றது. வைதேகி பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கோபமில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். வேலையை அவர் பாட்டுக்குப் பார்க்கலாமாம். நடுவில் விட்டால் சுவர் ஒட்டாதாமே, சித்தி சொன்னாளாம், பத்து மாதப் பாடு எதற்கு வீணாக வேண்டும், இந்தச் சத்தத்தால் அவர்களுக்கு இனி ஒன்றும் இல்லையாம். சட்டி தூக்குகிறவர்கள் தயங்கினால் துட்டி வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னாளாம் மதினி.

“நான் குளிச்சிட்டு வந்துர்றேம்மா” என்றார் தனுஷ்கோடி. “கொள்ளிக்கு நேரமாயிரும்.”

“கொள்ளி நான் வைக்கிறேன் சித்தப்பா. அப்பா சொல்லிட்டாங்க.” பிறகு, அதையும் சொல்லிவிடுவதுதான் சரி என்று நினைத்த மாதிரி சொன்னாள். “வெள்ளிக்கிழமை வந்ததுலருந்து ரெண்டு நாள் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் சொன்னாங்க, நீயே வச்சிரும்மான்னு.”

போய்விட்டாள். சந்து முனையில் திரும்புகிறவரை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாள். அண்ணன் செத்துப்போய்விட்டார் என்று அவள் சொல்லவே இல்லை. தனுஷ்கோடி அவள் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? படுதாவை மடித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேலே. நாலு மூலையும் சரியாக வரும்படி இரண்டுதரம் பிரித்து மடித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது, பார்த்தார், நாளைக்கு என்று நினைத்தார். இதோ அழுகை வந்துவிடும் என்று வாயைக்கூடத் திறந்தார், உலர்ந்த காற்றுதான் வந்தது. பிறகு நிமிர்ந்து, காலையிலிருந்து சொல்ல மாட்டாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

“சொள்ளமுத்து, நிறுத்திரு.”

சொள்ளமுத்து சாரத்திலிருந்து குனிந்து அவரைப் பார்த்தான். அவன் முகம் காலையிலிருந்து இப்போதுதான் தெளிந்திருந்தது. மரத்தடிப் பெண்கள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக மெஷினுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

“அவுகளே வேண்டாம்னுட்டாகளே அண்ணாச்சி” என்றான். “இனி என்னத்துக்கு நிறுத்தணும்?”

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்து வடக்குச் சுவரை முடித்துக்கொண்டு மேற்குக்கு வந்தார்கள். முதல் சட்டி கவிழ்ந்தது, பின்னாலேயே இரண்டாவது. வைப்ரேட்டரைக் கொண்டாங்க, இறுகுது என்று சொள்ளமுத்து மேலேயிருந்து கூப்பிட்டான். தனுஷ்கோடி அதைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவருக்குப் போனார்.